ஆபிரகாம் வீட்டு மச்சில் நட்ட கழி

பிலவ வருஷம் தை மாதம், பழவேற்காட்டில் உலாந்தா என்னும் ஒல்லாந்தர் கோட்டை விசாரணைச் சாவடியில், துரை முன்னிலையில், பசியாவரம் முனியன் சொல்லத் துபாஷி வேதாசலம் எழுதியது.

என் பெயர் முனியன். தகப்பனார் பெயர் நாகப்பன், காலமாகிவிட்டார். வயது ஐம்பதுக்குள் இருக்கும். இருப்பு ஏரி நடுவிலுள்ள பசியாவரம். தொழில் மீன்பிடிப்பு. எழுத்து பாதி வரைக்கும் வரும். இந்தக் காரியம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். போன புயலையும் நான்தான் முன்கூட்டிச் சொன்னேன். எங்கள் ஏரியில் அவரவர் முறைக்கு அவரவர் பாடு, அதாவது வலை இறக்கும் இடம். என் முறை வந்து நான் கழி நட்டுத் துணி கட்டிவிட்டால், அந்த இடத்தில் எவனும் வலை இறக்கமாட்டான். அவ்வளவு மரியாதை எனக்கு.

காவலில் இருக்கும் தேசப்பன் என் அக்கா குப்பம்மாவின் மகன். தகப்பன் இல்லாதவன். இதை எழுதுகிற துபாஷி அவர்களிடமே கணக்கும் உலாந்தா பாஷையும் படிக்கிறான். ஏரியைச் சுற்றி அவனைப்போல் கணக்குப் போடுகிறவன் கிடையாது. அந்த மூளை எங்கள் வழி வந்தது. காலையில் கோட்டை மணி அடிக்கும்போது பையன்கள் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது துபாஷி அவர்களின் கட்டளை. வாடைக்காற்று எதிர்த்த நாட்களில் பசியாவரத்துப் படகு பிந்தியது. அதன் பிறகு துபாஷி அவர்கள் தேசப்பனிடம், "அமாவாசைக்குள்ள ஊருக்குள்ள குடி வந்துடு. இல்லன்னா உன் எடத்துக்கு வேற ஆள் காத்துக்கினு இருக்கான்" என்று சொல்லிவிட்டார். அவன் வந்து என்னிடம் சொன்னான். வீடு பிடிப்பதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன்.

அதன் பிறகு நானும் அவனும் பழவேற்காட்டில் தெருத்தெருவாக அலைந்தோம். சாயத்துணி வாங்க வந்தவன், விற்க வந்தவன், கப்பலுக்குக் காத்திருப்பவன் என்று ஒரு கோழிக்கூடும் காலி இல்லை. நெசவுத் தெருவில் தறி வைத்திருப்பவனுக்குத்தான் வீடு என்றார்கள். செட்டித் தெருவில் வாடகையைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. முனியம்மாள் என்கிற அம்மாளிடம் மாட்டுக்கொட்டகை இருந்தது.

"பொண்டாட்டி கீறாளா?" என்று கேட்டாள்.

"படிக்கிற பையன்மா."

"அப்ப வேணாம்பா. தனிப் பசங்களுக்கு வுட்டா தெருவே வந்து எங்கிட்ட நியாயம் கேக்கும். மாடு கட்றதுன்னா சொல்லு, தரேன்."

அதன் பிறகு, கோட்டைச் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்ந்த ஆபிரகாமின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அது ஏரிக்கரையில், முகத்துவாரத்தைப் பார்த்தபடி இருக்கிறது. மேலே ஒரு மச்சு. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் சன்னலைத் திறந்தால் கோட்டை மணி காதுக்குள்ளேயே அடிக்கும். வாடகைக்குப் பதிலாக வாரம் ஒரு கூடை நண்டு தருவதாகப் பேசினேன்.

"இன்னாய்யா, நண்டு குடுத்து மச்சு புடிக்கிறியா? கால் ஒடஞ்சதாப் பாத்து தள்ளிவுடுவியே?" என்றான்.

"யோவ், நான் கூப்ட்டா நண்டே வந்து கூடையில ஏறும்யா" என்றேன். ஒரு சுறாவை வெறுங்கையால் பிடித்து, அதன் மேலேயே உட்கார்ந்து கரைக்கு வந்த கதையையும் அவனுக்குச் சொன்னேன். அவன் சம்மதித்தான்.

அமாவாசைக்கு முன்தினம், மசூலிப்பட்டணத்துத் துணி வியாபாரி ஒருவருக்கு அந்த மச்சை விட ஆபிரகாம் தலையாட்டிவிட்டான் என்று சந்தையில் கேள்விப்பட்டேன். அதற்குள் அக்கா தேசப்பனின் பாயையும் ஓலைக்கட்டையும் படகில் ஏற்றிவிட்டிருந்தாள். "டேய் முனியா, வீடு பாத்துட்டேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே, இப்ப இன்னாடா பண்ணப் போற?" என்று கேட்டாள். நான் மறுபடி பழவேற்காட்டுக்குப் போனேன்.

ஆபிரகாம் வீட்டில் யாரும் இல்லை. அப்போது மச்சின் மேல் ஒரு மஞ்சள் தாடிக்காரனைக் கண்டேன். பனை உயரம் இருப்பான். காதில் வளையம், மார்பில் ஆமைப் படம் பச்சை குத்தியிருந்தது. அவன் கூரையைப் பிரித்து நீளமான கழியை நட்டு, நுனியில் சிவப்புத் துணியைக் கட்டினான். கட்டும்போது பறங்கி பாஷையில் பாடினான். அந்தப் பாஷை எனக்கு நன்றாகத் தெரியும். என்னைக் கண்டதும் ஏரியில் குதித்து முழுகிப் போனான்.

மறுநாள் காலை ஆபிரகாமும் வியாபாரியும் வருவதற்கு முன்பே தேசப்பன் மச்சில் பாயை விரித்துவிட்டான். மணி அடித்தபோது துபாஷி அவர்களின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அதை அவரே அறிவார். அன்று நடுப்பகலில் முகத்துவாரத்துக்கு வெளியே கொடி ஏற்றாத ஒரு கப்பல் வந்து நின்றது. கோட்டைக் கொத்தளத்திலிருந்து பார்த்த காவல்காரர்கள், கப்பலுக்கு நேராகச் சிவப்புத் துணி ஆடுவதைக் கண்டு, உலாந்தாவுக்குப் பகையான போர்த்துகீசியப் பறங்கியருக்கு யாரோ அடையாளம் காட்டுகிறார்கள் என்று ஓடிவந்தார்கள். ஆபிரகாம் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தான். வியாபாரி அந்தப் பக்கமே வரவில்லை. குடியிருப்பவன் தேசப்பன் என்று அவனைப் பிடித்துக் கையைக் கட்டினார்கள். கட்டுவதற்கு முன் அவன் எழுத்தாணியை என்னிடம் கொடுத்து, "மாமா, இத தொலச்சிடாத" என்றான். அது இப்போதும் என் மடியில் இருக்கிறது.

தாடிக்காரனின் கண் என்ன நிறம் என்று துரை கேட்டார். ஒன்று நீலம், ஒன்று பச்சை என்று சொன்னேன்.

இந்த இடத்தில் துபாஷி அவர்கள் எழுதுவதை நிறுத்தி என்னிடம் சொன்னார்: "முனியா, கழி நட்டது நான்தான்னு உன் அக்கா மகன் நேத்தே ஒத்துக்கினான். நட்டவன் கைதியா, கடல் தாண்டி பத்தாவியாவுக்குப் போற கப்பல்ல ஏறணும்னு முடிவாயிடுச்சு. கப்பல் நாளைக்குப் புறப்படுது. உன் தாடிக்காரன் உண்மைன்னா, அவன் பேரு சொல்லாம மறைச்ச குத்தமும் தேசப்பன் தலையில வுழும்."

நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள்.

அதன் பிறகு நான் சொல்வதாவது: மஞ்சள் தாடிக்காரன் என்று யாரும் இல்லை. கழியை நட்டவன் நான். ஏரியில் கழி நட்டால் அது என் இடம். இன்னொருவன் வந்தால் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். வீட்டுக்கும் அது செல்லும் என்று நினைத்தேன். வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். கரையில் அதற்கு வேறு அர்த்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. சிவப்புத் துணி என் தலைப்பாகையில் கிழித்தது. மிச்சம் என் தலையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். தேசப்பன் காலையில் அந்தத் துணியைக் கண்டபோதே யாருடையது என்று அறிந்திருப்பான். அதனால்தான் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டான்.

துணியைக் கழியில் கட்டியிருக்கும் முடிச்சு ஏரியில் பாடு காட்ட நாங்கள் நடும் கழியில் போடுவது. அவனை இங்கே கூப்பிட்டு அதேபோல் ஒன்று போடச் சொல்லுங்கள். அவனுக்கு வராது. படிக்கிற கை என்று, பிறந்ததிலிருந்து வலைக்கயிற்றைத் தொடவிடாமல் வளர்த்தவன் நான். என்னிடம் கயிறு கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடுகிறேன்.

கப்பலில் ஏற வேண்டியவன் நான்தான். தேசப்பன் ஒருநாள் இதே சாவடியில் துபாஷியாக உட்காருவான் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

தாடிக்காரனை நீக்கி, மேலே சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடி. சுறாவின் மேல் உட்காரவில்லை, பக்கத்தில் நீந்தினேன். படிக்கக் கேட்டு, சரி என்று ஒப்பி, மடியிலிருந்த தேசப்பனின் எழுத்தாணியாலேயே என் பெயரைப் போட்டேன்.

முனியன்

துணியும் கழியும் முடிச்சு அவிழ்க்காமல் சாவடியில் வைக்கப்பட்டுள்ளன. துரை உத்தரவுப்படி தேசப்பனை அழைத்துவர ஆள் போயிருக்கிறது. கயிறு ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வேதாசலம்