கழுத்தோரத் தையல்

எனக்குத் தையல் நன்றாக வரும். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்களும் அந்த உடுப்பைப் பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள், சார்.

அது பெரியப்பா தேன் எடுக்கப் போகையில் போடுவது. காலிலிருந்து கழுத்துவரை ஒரே துண்டு, தலைக்குத் தனியாக வலைத்தொப்பி. தபோரா நகருக்குத் தெற்கே எங்கள் காட்டில் பலர் புகையை மட்டும் நம்பி மரம் ஏறுகிறவர்கள். பெரியப்பாவுக்கு மட்டும் யாரோ கொடுத்த வெள்ளை உடுப்பு இருந்தது. பதினோரு வருஷம் உழைத்து நைந்துபோனது. முழங்காலில் ஒட்டு, முதுகில் ஒட்டு, எல்லாம் மாவுச் சாக்கில் வெட்டியவை. கழுத்து ஜிப் போன பிறகு, அவர் மரம் ஏறும் ஒவ்வொரு முறையும் தொப்பியை உடுப்போடு சேர்த்து, அவர் மேலேயே வைத்து நான் தைத்துவிடுவேன். இறங்கியதும் பிளேடால் பிரிப்பேன். கையுறைக் கையால் அவரால் பிரிக்க முடியாது.

"மெதுவாடி. என் தோலையும் சேத்துத் தைக்காத."

"எருமத் தோலு பெரியப்பா. ஊசிதான் ஒடியும்."

சிரிப்பார். சிரிக்கத் தெரிந்தவர்தான்.

அப்பா செத்த பிறகு என்னை வளர்த்தது அவர். தேன் விற்றுப் படிக்கவைத்தார். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வீடு வந்த அன்றே என் அசல் சான்றிதழை வாங்கித் தகரப்பெட்டியில் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கரையான் தின்றுவிடுமாம்.

மூன்று வருஷம். தண்ணீர், விறகு, உகாலிக் களி கிண்டுவது, ஒட்டுப் போடுவது. நான்கு முறை வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான்கு இடத்திலும் அசலைக் காட்டச் சொன்னார்கள். ஐந்தாவது, ம்வான்சா நகரில் ஒரு பள்ளிக்கூடம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை பெரியப்பாவிடம் அசலைக் கேட்டேன்.

"நீ போயிட்டா எனக்கு யாருடி தைக்கிறது?"

"மொத சம்பளத்துல புது உடுப்பே வாங்கித் தர்றேன்."

"படிச்சது நீயில்ல. என் தேன் படிச்சது. அந்தக் காகிதம் என்னோடது."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. தேனீக்களையே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாக் கிழிசலையும் இரட்டை நூலில் தைத்தேன். வலது அக்குளில் மட்டும் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விட்டேன். மறந்தேன் என்று எழுத வேண்டாம், விட்டேன். நாலு கொட்டு வாங்கிப் படுத்தால் சாவியை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம்.

வெயில் தாழ, மரத்தடியில் கழுத்தைத் தைத்து அனுப்பினேன். கூட்டைத் திறந்த கொஞ்ச நேரத்தில் கயிற்றில் சறுக்கிக்கொண்டு இறங்கினார். நான் புகைப்பந்தத்தோடு நின்றிருந்தேன். புகைக்குள் நிற்கிறவளிடம் அவை அதிகம் வராது. அவருக்கோ, உடுப்புக்குள்ளேயே ரீங்காரம்.

"நியாமிசி, தையல அறு. அறும்மா."

பிளேடு என் கையில் இருந்தது.

"பெட்டியத் தொறப்பீங்களா பெரியப்பா?"

"தொறக்கிறேன். தொறக்கிறேன், தாயி."

தாயி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதனால் நம்ப முடியவில்லை. இன்னொரு முறை கேட்டேன். பிறகும் கேட்டேன். தொப்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் போட்ட தையல், ஒன்றும் பிரியவில்லை. கடைசியாகக் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை.

சாவி உள்ளே இருந்ததால் அப்போது அறுத்தேன். அவரை நிழலில் நேராகக் கிடத்தினேன். காலையில் பஸ் ஏறினேன்.

வேலை கிடைத்துவிட்டது, சார். படிக்கவைத்தது யார் என்று கேட்டார்கள், பெரியப்பா என்றேன். உன்னை விட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வது என்றார்கள். அவர் வேலையெல்லாம் முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

நான்தான் செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும். என் அசலைச் சாட்சிப் பொருள் என்று உங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதற்குள் கிடைத்துவிடுமா?