ஒரு சாண் கீழே போன சிவப்புக் கோடு

படகுத்துறையின் இந்தப் புது மரப்படித் திறப்பு விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் நெல்லிமடுகு பஞ்சாயத்தின் சர்பஞ்ச், மதிப்பிற்குரிய நாகேந்திரன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் படகுத்துறைக் குழுவின் உறுப்பினர்களே! வெயிலையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பேச்செல்லாம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே! சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் படகில் ஏறும் ஆசையோடு வந்திருக்கும் விருந்தினர்களே! ஞாயிறு தவறாமல் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து ஜெபிக்கும் சபை மக்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் படகுத்துறைக் குழுவின் தலைவன் டைட்டஸ், கை கூப்பி வணக்கம் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர் என்னை ஆற்றின் காவலன் என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அருமையாகத் தட்டினீர்கள், அணைக்கட்டு வரை கேட்டிருக்கும்! ஆனால் அன்பர்களே, அந்தக் கைதட்டல் என் காதில் விழவில்லை, கன்னத்தில் விழுந்தது. ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

என்னய்யா? தெலுங்குல செப்பண்டி என்கிறீர்களா? செப்தானு, நிச்சயம் செப்தானு. ஆனால் வெட்கத்தை முதலில் வீட்டு மொழியில் சொல்லிவிடுகிறேன். அதில்தான் எனக்குப் பொய் கலக்காமல் சொல்ல வரும்.

ஆறு நம்முடையது. அணைக்கட்டு தேக்கித் தரும் நீர் நம்முடையது. அந்த நீரில் மிதிபடகு பன்னிரண்டு, மோட்டார் படகு மூன்று விட்டு, வருகிறவரை மகிழ்விக்க ஒரு துறை அமைத்தோமே, அதுவும் நம்முடையது. ஆட்சி யாருடையது? பஞ்சாயத்தின் குழுவுடையது. ஏழு பேர் குழு. படகு எப்போது ஓடலாம், எத்தனை பேர் ஏறலாம், யார் ஓட்டலாம், எல்லாம் அந்த ஏழு பேர் கையில். மாவட்டத்தைக் கேட்க வேண்டாம், மாநிலத்தைக் கேட்க வேண்டாம். நம் ஊர், நம் ஆறு, நம் அதிகாரம் என்று எத்தனை மேடையில் மார்தட்டியிருக்கிறேன்! அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

நடு ஆற்றில் ஒரு பாறை இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் நிறைந்திருந்தால் அது கண்ணில் படாது, படகின் அடியிலும் படாது. கால்வாய்க்குத் தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு இறங்கும், பாறை நெருங்கி வரும். ஆகவே துறை தொடங்கிய முதல் வருடம் மூங்கில் கழியால் ஆழம் பார்த்து, கரையில் நிற்கும் அளவுக் கல்லில் ஒரு சிவப்புக் கோடு போட்டோம். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் மோட்டார் படகு ஓடக்கூடாது. பலகையில் மூன்று மொழியில் எழுதியும் வைத்தோம். அன்று கழி போட்டு ஆழம் பார்த்தவர் செங்கமலம். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், நம் துறையின் முதல் மோட்டார் படகோட்டி. அந்தக் கோடு போட்ட நாளில் நாங்கள் நேர்மையாக இருந்தோம். இன்று எங்களைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

சென்ற சங்கராந்திக்குப் படகு விழா என்று அறிவித்தோம். பேனர் அடித்தோம். எத்தனை பேனர்! புத்தலப்பட்டுத் தொடங்கித் திருப்பதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் பேனர். எங்கள் ஏழு பேர் படமும் அதில். ஆளுக்கொரு புன்னகை, ஆளுக்கொரு கும்பிடு. கட்டி முடித்த நான்காம் நாள் பயிருக்காகக் கால்வாயைத் திறந்தார்கள். ஆறு இறங்கியது. கோட்டுக்கு அரைச் சாண் கீழே போய்விட்டது தண்ணீர்.

என்ன செய்திருக்க வேண்டும்? விழாவைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். பேனரில் தேதி மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான்! ஆனால் எங்கள் முகத்துக்குப் பக்கத்தில் காகிதம் ஒட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. தேதியை மாற்ற மனமில்லாத நாங்கள், ஐயா, கோட்டினை மாற்றினோம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாங்களும் அன்று சிரித்துக்கொண்டுதான் செய்தோம். வருடா வருடம் விழாவுக்கு முன் அந்தக் கல்லுக்குப் புது பெயின்ட் அடிப்பது வழக்கம். பெயின்டர் சம்பத் பழையதை எல்லாம் சுரண்டிவிட்டு, தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“சார், சிவப்பு எங்க போடட்டும்?”

சம்பத் கேட்டது என்னை. குழுவில் எல்லோரும் பார்த்தது என்னை. நான் குனிந்து, இதோ, இந்த வலது கை விரலால், பழைய இடத்துக்கு ஒரு சாண் கீழே தொட்டு, “இங்க போடு” என்றேன். போட்டார். இப்போது தண்ணீர் கோட்டுக்கு மேலே! ஆறு ஏறவில்லை, மழை பெய்யவில்லை, ஒரு சொட்டு நீர் கூடவில்லை. ஆனாலும் தண்ணீர் கோட்டுக்கு மேலே. தீர்மானம் எழுதிக் கை தூக்கினோம். ஏழு கைகளும் தூக்கப்பட்டன.

மறுநாள் செங்கமலம் வந்து கல்லைப் பார்த்தார். என்னிடம் வந்தார். அவர் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

“சார், கோடு கீழ வந்துக்கீது. பாறையும் கீழ போயிடுச்சா சார்?”

நான் என்ன சொன்னேன்? “குழு முடிவு எடுத்திருக்கிறது, உனக்கென்ன?” என்றேன். “அப்ப குழுவே ஓட்டிக்கினு போவட்டும் சார், நான் ஜனங்கள ஏத்த மாட்டேன்” என்று சாவியை மேசை மேல் வைத்தார். உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணை, கீழ்ப்படியவில்லை என்று எழுதி, படகிலிருந்து இறக்கி, வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்க அனுப்பினோம். அந்த உத்தரவில் இருக்கும் கையெழுத்தும் என்னுடையதுதான்.

படகுக்கு ஆள் வேண்டுமே! லோகேஸ்வரனைப் பிடித்தோம். திருப்பதியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். பத்து நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு தொப்பி. பாறை எங்கே என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றோம். “கோட்டைப் பாத்துக்க, கோட்டுக்கு மேல தண்ணி இருந்தா ஓட்டு, கீழ போனா நிறுத்து” என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்தார் அந்த மனிதர்.

சங்கராந்திக்கு மறுநாள், மாலை நாலரை மணி. படகில் பத்துப் பேர். பாறையில் மோதிற்று. எல்லோரும் பயந்து ஒரே பக்கம் சாய, படகு கவிழ்ந்தது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சீட்டுக் கட்டை வீசிவிட்டு ஓடி வந்தது யார்? செங்கமலம். மிதிபடகை எடுத்துப் போய் ஆளாளாகத் தூக்கியது யார்? நாங்கள் இறக்கிவிட்ட செங்கமலம். மிதவைச் சட்டை இருந்ததால் உயிர் எல்லாம் தப்பியது. ஆனால் தேவசேனா என்ற ஒரு பெண்ணின் வலது கை, சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரின் இறக்கையில் பட்டுவிட்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, சின்னச் சின்ன பாகங்களை விரலால் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. விரலே தொழில்! திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் தாய்மார்களே. அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்தார்.

“எங்க வூட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது சார், ஏற மாட்டேன்னு பயந்தாரு. நான்தான் அந்தக் கல்லைக் காட்டி, பாருங்க, தண்ணி கோட்டுக்கு மேலதான் இருக்குது, கெவர்மென்ட்டு பார்த்துத்தான் போட்டிருப்பாங்கன்னு கூட்டிக்கினு ஏறினேன். எம்மேலதான் சார் தப்பு.”

என் விரல் தொட்ட இடத்தை நம்பினார். அதனால் தன் விரலை இழந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பழக்கூடையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். ‘இல்லை அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை, என் மேல்’ என்று ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அந்த வாசலைத் தாண்டியபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

பொறுங்கள், விழாத் தலைவர் நாகேந்திரன் எனக்குத் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘நேரம் கருதி முடிக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. தலைவர் அவர்களே, நேரம் கருதித்தான் பத்து மாதம் பேசாமல் இருந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

இதுவரை சொன்னது பெருமைக்காகச் செய்த பிழை. இனிச் சொல்லப்போவது பிழையல்ல, பாவம். விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்ததும் நாங்கள் ஏழு பேரும் கூடினோம். பிறகு சம்பத்தைக் கூப்பிட்டனுப்பினோம். அவர் மறுபடியும் அதே தூரிகையோடு வந்தார். மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் இதே விரல்! பழைய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். கோடு ஒரு சாண் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

புரிகிறதா பெரியோர்களே? அதிகாரி வந்து பார்த்தார். கோடு மேலே, தண்ணீர் கீழே. விதியை மீறிப் படகு ஓட்டியவன் லோகேஸ்வரன் என்று எழுதிக்கொண்டார். ‘படகோட்டியின் கவனக்குறைவு’ என்று நாங்களும் எழுதிக் கொடுத்தோம். கேஸ் அவர் மேல். ஓட்டுநர் லைசென்ஸ் போய்விட்டது, ஆட்டோவும் ஓட்ட முடியவில்லை. என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“கோட்டுக்கு மேலதான் சார் தண்ணி இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். நா தப்பேமுந்தி சார்?”

என் தப்பு என்ன என்று கேட்கிறார். கேட்டவர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். பதில் சொல்ல வேண்டிய நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அன்று சரியாகப் பார்த்தாயா லோகேஸ்வரா, நன்றாக யோசித்துச் சொல்” என்றேன். தன் கண்ணையே அவர் சந்தேகப்படும்படி செய்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஏமோ சார், தெலீது”, தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று முதல் ஆலயத்தில் பாவ அறிக்கை ஜெபம் வரும்போது என் உதடுகள் மட்டும் அசைகின்றன. பக்கத்தில் உட்காரும் என் மனைவி யூனிஸ் அதைக் கவனித்துவிட்டாள். “சத்தம் வரலியே” என்றாள். நேற்று அவளிடம் எல்லாம் சொன்னேன். அவள் என் தட்டில் சோறு போட்டுவிட்டு, எனக்கு முன்னால் உட்காராமல் எழுந்து போனாள்.

பஞ்சாயத்து என்றால் என்ன அன்பர்களே? கட்டடமா? முத்திரையா? மேடையா, மாலையா, மைக்கா? முன்பின் தெரியாத ஒருத்தி, நீச்சல் தெரியாத கணவனிடம், ‘அவர்கள் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள்’ என்று சொல்கிறாளே, அந்தச் சொல்தான் பஞ்சாயத்து! அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் நமக்கு அதிகாரம். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் நமக்கு நாற்காலி. அதைக் கொன்றுவிட்டு இன்று புது மரப்படி கட்டி, புது ரிப்பன் கட்டி, என் கையில் கத்தரிக்கோல் கொடுக்கிறீர்கள். இந்த ரிப்பனை நான் வெட்ட மாட்டேன். என்னை வாழ்த்திப் போட்ட சால்வையை இதோ மேசை மேல் மடித்து வைக்கிறேன். குழுத் தலைவர் பதவியை விட்டு விலகும் கடிதத்தையும் அதன் பக்கத்தில் வைக்கிறேன்.

செங்கமலம் அவர்களே, மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை. உங்கள் மேல் நான் எழுதிய உத்தரவு பொய். அதை இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். மீதியைக் குழு செய்யட்டும்.

நாளைக் காலை பத்து மணிக்குச் சித்தூரில் லோகேஸ்வரன் கேஸில் கடைசி வாய்தா. எட்டு மணி பஸ்ஸில் போகிறேன். எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எனக்கு என்ன தண்டனை வந்தாலும் வரட்டும். கூட வருகிறவர்கள் உண்டா என்று இந்த மேடையைக் கேட்கிறேன். நாகேந்திரன் அவர்களே, தரையைப் பார்க்காதீர்கள். உறுப்பினர்களே, ஒருவர் கூடவா இல்லை?

யாரது, பின்னால் எழுந்து நிற்பது? சம்பத்தா? என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்... “ரெண்டு தபாவும் பெயின்ட் அடிச்சவன் நான் சார், நானும் வரேன்” என்கிறார். கூலிக்கு வேலை செய்தவர் வருகிறார். ஆணை போட்ட ஆறு பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரே பார்த்துக்கொள்ளட்டும்!

லோகேஸ்வரா! கேட்டுக்கு வெளியே ஏன் நிற்கிறாய், உள்ளே வா. இது உன் துறையும்தான். எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்று நீ சரியாகத்தான் பார்த்தாய். தண்ணீர் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. உன் கண் பொய் சொல்லவில்லை அப்பா, பொய் சொன்னது நான்.

படகில் ஏற வந்து, என் பாவத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி. முதலில் கை கூப்பிச் சொன்னேன், இப்போது தலை குனிந்து சொல்கிறேன். வணக்கம்.