வெள்ளிக்கிழமை கேட் டியூட்டி

"டீச்சர், அழுகை வந்தாலும் அப்படிப் பேச முடியுமா?" என்று ஏழாம் வகுப்பில் தஸ்லிமா கேட்டாள். அன்று நான் கரும்பலகையில் 'டிஸ்பாஷனட்லி' என்று எழுதி, 'விருப்பு வெறுப்பின்றி' என்று பொருள் சொல்லியிருந்தேன். நீதிபதி இரு தரப்பையும் அப்படிக் கேட்டார், மருத்துவர் நோயைப் பற்றி அப்படிச் சொன்னார் என்று இரண்டு வாக்கியங்களும் கொடுத்திருந்தேன்.

"முடியும்மா. பழகணும்," என்றேன்.

"எனக்கு வராது டீச்சர். எங்க பூனை செத்ததுக்கே ரெண்டு நாள் சோறு இறங்கல."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குப் பழகியிருந்தது. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்வதில் சிரமம் இல்லை.

மன்னார்புரத்துக்கு அருகே எங்கள் பள்ளி. மாலை நாலு மணிக்கு மணி அடித்த பிறகு, கடைசிப் பிள்ளை போகும்வரை ஓர் ஆசிரியர் வாசலில் நிற்க வேண்டும். யாருக்கு எந்தக் கிழமை என்பது பதிவேட்டில் இருக்கும். ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதை மட்டும் யாரும் எழுதுவதில்லை, வாய்ச்சொல்லே போதும். என் அம்மா இறந்த வாரம் எனக்காக நின்றவர் பி.டி. மாஸ்டர் சவரிநாதன். மழையில் நனைந்துகொண்டே நின்றாராம். நன்றி சொன்னபோது, "அட, விடுங்க லிசி டீச்சர். என்னைக்காவது எனக்கு ஒரு நாள் நில்லுங்க, போதும்," என்றார்.

அந்த நாள் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முசிறியில் அவர் தங்கைக்கு உடம்பு சரியில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் நிக்கிறேன்," என்றேன். மூன்றரைக்குக் கிளம்பினார்.

நான் நாலே காலுக்குக் கிளம்பினேன். அந்நேரத்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். வாசலில் ஆறேழு பிள்ளைகள்தான் இருந்தார்கள். தஸ்லிமா கையசைத்தாள். ஐந்து நிமிடம் கழித்து, எதிர்ப்பக்கம் வந்து நின்ற அப்பாவைப் பார்த்து, "அத்தா" என்று சாலையில் ஓடினாளாம். லாரிக்காரர் மெதுவாகத்தான் வந்தாராம்.

திங்களன்று, நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பொறுப்பைத் தலைமை ஆசிரியை என்னிடம் தந்தார். "நீங்கதான் உணர்ச்சிவசப்படாம எழுதுவீங்க." சவரிநாதனைக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் இருந்தேன். அவர் கண்கள் வீங்கியிருந்தன. என்னை ஒருமுறை பார்த்தார். நானே சொல்லட்டும் என்று நினைத்திருப்பார்.

"எல்லாம் டீச்சருக்குத் தெரியும், சிஸ்டர். அவங்க எழுதினா சரியா இருக்கும்," என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னார்.

எழுதினேன். பதிவேட்டின்படி அன்றைய டியூட்டி சவரிநாதனுடையது. அவர் மூன்றரைக்கே வெளியேறினார். மாணவி இறந்த விபத்தின்போது வாசலில் ஆசிரியர் எவரும் இல்லை. பொய் என்று ஒரு வாக்கியத்தையும் நீங்கள் காட்ட முடியாது. வாசலில் நிற்பதாகச் சொன்னவள் நான் என்பதை மட்டும் எழுதவில்லை. 'இவ்விவரங்கள் விருப்பு வெறுப்பின்றித் தரப்படுகின்றன' என்று முடித்தேன்.

சவரிநாதனிடம் கையெழுத்துக்கு நானே கொண்டுபோனேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. "படிச்சுச் சொல்லவா?" என்றேன்.

"நீங்க எழுதினதைப் படிச்சு வேற பாக்கணுமா டீச்சர்?" என்று என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு வேலை போயிற்று. தஸ்லிமாவின் அத்தா அவரைக் கடைத்தெருவில் அறைந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் தலைகுனிந்து நின்றாராம். இப்போது சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு ஜவுளிக்கடையில் காவலுக்கு இருக்கிறார். என்னைப் பார்த்தால் எழுந்துகொள்வார். "பாத்துப் போங்க டீச்சர்," என்பார். வேறெதுவும் கேட்டதில்லை.

ஞாயிறு பூசையில் தஸ்லிமாவுக்காகவும் அவருக்காகவும் மெழுகுதிரி ஏற்றுகிறேன். இன்னும் ஒருமுறைகூட அழவில்லை.

கோடை விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை, பூட்டிய பள்ளியின் வாசலில் நாலு மணியிலிருந்து ஐந்தரைவரை நின்றேன். பிள்ளைகள் இல்லை. பார்க்கவும் ஆளில்லை. சாலையைக் கடந்த ஒரு பூனைக்காகக் கைகாட்டி ஆட்டோவை நிறுத்தினேன். இரண்டு ஸ்ரீரங்கம் பஸ்களை விட்டுவிட்டு, மூன்றாவதில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

சவரிநாதனுக்காக நிற்கவேண்டியிருந்த அந்த ஒரு நாளை நின்று முடித்துவிட்டேன். விருப்பு வெறுப்பின்றிப் பார்த்தால், அவருக்கு இனி நான் தரவேண்டிய பாக்கி ஒன்றும் இல்லை.