செபத்தின் மற்றப் பாதி

புருசெத் புறநகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். வெளியே பனி தூங்கி வழிந்தபடி இறங்கிக்கொண்டிருந்தது.

"அமெரிக்க எலக்சனுக்கு நேற்று நானும் செபிச்சுப்போட்டனடி," என்றாள் சன்னலோரத்தில் இருந்தவள்.

"நீயோ? என்னத்துக்கு?"

"ஃபோனிலை எங்கடை குடும்பச் செபமாலை. டெக்சாஸ் அண்ணா தன்ரை முறை வர, தன்ரை கட்சி வெல்லவேணுமெண்டு செபத்தை ஒப்புக்கொடுத்தார். அதுதான் எங்கடை வேதக்காரரின்ரை கட்சியாம்."

"விசா இல்லாத ஆக்களைப் பிடிச்சு அனுப்புவம் எண்டுறவையோ?"

"ஓம். எங்கடை தம்பியும் லைனிலை இருந்தவன். அவனும் அமெரிக்காவிலைதான், விசா இல்லாமல் இருக்கிறவன்."

"அவன் என்ன செய்தவன்?"

ரயில் சுரங்கத்துக்குள் போனது. சன்னலில் பனி மறைந்து அவள் முகம் வந்தது.

"அண்ணா ஒவ்வொரு செபத்திலையும் முதல் பாதியைச் சொல்லச் சொல்ல, மற்றப் பாதியை எல்லாரும் சேர்ந்து சொன்னம். தம்பியின்ரை குரல்தான் உரக்கக் கேட்டது."