குருவி மணி

அன்பு மகள் ஷிராணிக்கு,

குருவிச் சத்தம் போடும் அழைப்பு மணிக்கு இரண்டு பெட்டரி போதும். பொகவந்தலாவைக் கடையில் நாலு எடுக்கச் சொல்வார்கள்; எடுக்க வேண்டாம். உன் அம்மாவின் மணிக்கு ஜனவரியில் போட்டது செப்டெம்பரிலும் நன்றாகவே இருந்தது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உன் கணவர் றொக்சன் மட்டமான பெட்டரி வாங்கிப் போட்டதால்தான் அம்மா கேட்பாரற்றுத் தரையில் கிடந்தார் என்று நீ அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாயாம். ஹட்டனில் உங்கள் வீட்டுக்கு வந்துபோன, தொழிலாளர் லயத்துக் காளியாயி சொன்னாள். தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். ஒருவர் பேரில் எழுத வேண்டியதை இன்னொருவர் பேரில் எழுதியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

உனக்குத் தெரிந்ததையும் ஒழுங்கு கருதிச் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜனவரியில் அம்மா குளியலறையில் வழுக்கி முழங்கால் வீங்கிக் கிடந்தபோது, ஹட்டனுக்குக் கூட்டிப்போக நீ வந்தாய். அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “பிள்ளைக் காம்பராவுல நாப்பது புள்ளைங்கள ஒத்த ஆளா மேய்ச்சவ நான். என்னைய ஒருத்திய மேய்ச்சுக்க எனக்குத் தெரியாதா?” என்றார். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. றொக்சன் குளியலறைச் சுவரில் இரும்புக் கைப்பிடி பூட்டினார். ஏழு நாள் மருந்துக்கு ஏழு அறை வைத்த குளிசைப் பெட்டி ஒன்றை நீ வாங்கித் தந்தாய். கழுத்தில் தொங்கும் பொத்தானை அம்மா அழுத்தினால், நாற்பத்திரண்டு படிக்குக் கீழே என் வீட்டு அலுமாரியில் இருக்கும் பெட்டி குருவிபோலக் கத்தும். மாற்றுச் சாவி ஒன்றும் என்னிடம் தந்தீர்கள். “இன்னொரு தடவ விழுந்தீங்க, பேச்சே இல்ல, ஹட்டனுக்குத்தான்” என்று நீ சொன்னாய். அம்மா தலையாட்டினார்.

காலையில் ஒரு தடவை மணி அடிப்பது என்னுடைய யோசனை. தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்போமே, அதுபோல. ஆறரைக்கு அவர் அழுத்துவார், நான் கொப்பியில் பதிவேன். பிந்தினால் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு.

“ஆறு முப்பத்தேழு. இன்னிக்கு அரைப்பேருதான்” என்று நான் படிக்குக் கீழே நின்று கூவுவேன்.

“போட்டுக்கங்க! ஒங்க செக்ரோல் கொப்பிய எந்தத் தொர வந்து பார்க்கப்போறாரு?” என்று மேலிருந்து பதில் வரும். “வேலைய விட்டு எட்டு வருசமாச்சு. யாரையாச்சும் பெரட்டுக்குக் கூப்பிடாட்டி ஒங்களுக்குப் பொழுது விடியாதோ?”

அவர் கேலிக்காகச் சொன்னார். உண்மையில் எனக்குப் பொழுது அப்படித்தான் விடிந்தது.

பெப்ரவரியில் பதினொரு தடவை அவசரமாக அழைத்தார். காலில் அட்டை ஏறியது, கேஸ் பற்றவில்லை, வானொலி தானாகவே சிங்களத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் போனேன். ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணியும் ஒரு துண்டு ரொட்டியும் கிடைத்தன. மார்ச்சில் ஏழு தடவை, மேயில் இரண்டு. ஜூனில் ஒன்றுகூட இல்லை. கைப்பிடியைப் பிடித்து எழும்பப் பழகிவிட்டார். வானொலியையும் அடக்கிவிட்டார். ஜூலையில் ஊன்றுகோலோடு தனியாகவே கோயிலுக்கு ஏறினார். திரும்பி வரும் வழியில் என் வாசலில் நின்று சொன்னார்: “இந்தக் குருவியக் காளியாயிக்குக் குடுத்திரலாம்னு இருக்கேங்க. லயத்துல பாவம் அவதான் அடிக்கடி விழுந்து எந்திரிக்கிறா. எனக்கு இனி என்னத்துக்கு?”

சிரித்துக்கொண்டே சொன்னதால் நான் கோபப்பட இடமில்லை. கோபப்படவுமில்லை. ஒரு கருவி ஒழுங்காக வேலை செய்தால் ஆட்கள் அதை மறந்துபோவார்கள். நினைவூட்டுவதற்கு ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அவர் பூசைக்குப் போயிருந்தபோது உள்ளே போய்ச் சீனிப் போத்தலின் மூடியை இறுக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. திங்கள் காலை குருவி கத்தியது.

“யாருங்க இத இப்படி முறுக்குனது, பேயா?”

“குளிருக்கு இறுகியிருக்கும்” என்றேன். அன்றைக்கு இரண்டு தேத்தண்ணி.

மூடி எத்தனை நாளைக்கு இறுகும்? பிறகு பியூஸைக் கொஞ்சம் தளர்த்தினேன். மூக்குக்கண்ணாடியை அரிசி டின்னுக்குள் வைத்தேன். குளிசைப் பெட்டியில் செவ்வாய் அறையில் இருந்ததைப் புதன் அறைக்கு மாற்றினேன். ஒரு குளிசைகூட வீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். புதன்கிழமை அவருக்குத் தலை சுற்றியது. மணி அடித்தார். நான் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன்.

அவர் கெட்டிக்காரி. சும்மா இருக்கவில்லை. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று துண்டுக் கடதாசியில் எழுதிச் சுவரெல்லாம் ஒட்டினார். நான் பொருளைத்தான் மாற்றினேன். அவர் எழுதியதில் கைவைக்கவில்லை. பிறர் கையெழுத்தைத் திருத்துவது எனக்குப் பழக்கமில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். “உண்மையச் சொல்லுங்க. எனக்கு மூளை கலங்குதுங்களா? ஷிராணிக்குத் தெரிஞ்சா என்னையக் கொண்டு போயிருவா. இந்த வீட்ட விட்டா நான் ஆளாவே இருக்க மாட்டேங்க.”

“வயசுன்னா அப்படித்தான். பயப்படாதீங்க, அவகிட்ட நான் சொல்ல மாட்டேன்” என்றேன். சொல்லவுமில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எட்டு வருடமாகப் பக்கத்தில் இருந்தும் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அதோடு நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். ஆனால் செப்டெம்பரில் அவருக்குக் காளியாயியின் ஞாபகம் வந்துவிட்டது. “நாளன்னிக்கிலேருந்து விடிய அவ வந்து எட்டிப் பாக்குறேங்கிறா. ஒங்களுக்கும் படியேற மூச்சு வாங்குது. பாவம், எத்தன தடவதான் ஓடி வருவீங்க” என்றார். என் மூச்சைப் பற்றி நான் ஒருவரிடமும் முறைப்பாடு செய்ததில்லை.

அன்று பின்னேரம் அவர் கடைக்குப் போன நேரத்தில் குளியலறைக் கைப்பிடியின் திருகாணிகள் இரண்டையும் மூன்று மூன்று சுற்றுத் தளர்த்தினேன். கழற்றவில்லை. அது ஆட வேண்டும், அவர் கொஞ்சம் பயப்பட வேண்டும், இறுக்குவதற்கு என்னைக் கூப்பிட வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

மறுநாள் செவ்வாய், பதினான்காம் திகதி. ஆறரைக்குக் குருவி சரியாகக் கத்தியது. முழுப்பேர் போட்டேன். ஆறு ஐம்பத்திரண்டுக்கு மறுபடி கத்தியது. பிறகு மறுபடியும். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பதினொரு தடவை எண்ணினேன். உடனே ஓடியிருந்தால், அழுத்தினால் ஆள் வரும் என்பதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆள் வராவிட்டால் எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. முகம் கழுவி, கோட்டுப் போட்டு, ஏழு நாற்பதுக்குப் படியேறினேன்.

ஈரச் சிமெந்தில் கால் மடங்கிக் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

“கேக்கலையாங்க?”

“பெட்டரி போயிருச்சு போல.”

“வந்துட்டீங்கள்ல, அது போதும்” என்றார்.

உன் வேன் வருவதற்குள் நல்ல பெட்டரியை எடுத்துவிட்டு டோர்ச் லைட்டில் செத்துக் கிடந்த இரண்டைப் போட்டேன். கைப்பிடியையும் இறுக்கினேன். றொக்சன் பாவம், பெட்டியை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவரோடு பேசு. தவறு அவருடையதல்ல.

இடுப்பில் ஆணி வைத்திருக்கிறார்களாம். பின்னறையில் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறாராம். யாரோடும் சண்டை பிடிப்பதில்லையாம். தண்ணீர் குடிக்கவும் உன் வேலைக்காரியிடம் கேட்டுத்தான் குடிக்கிறாராம். காளியாயி சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. இங்கே இருந்தவரை அவர் யாரிடமும் எதையும் கேட்டுக் குடித்தவரல்ல. நீங்கள் எப்படித்தான் பார்த்துக்கொள்கிறீர்களோ.

அம்மாவுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினால் அவருக்கே விளங்கும். படித்ததும் நீ பொலிசுக்குப் போகலாம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலில் அவரை இங்கே அனுப்பிவிடு. அவர் தன் வீட்டில் தனியாகத்தான் வாழ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அதற்காகத்தான் நேற்று என் கட்டிலை அவருடைய முன்னறைக்கு மாற்றினேன்.

இப்படிக்கு,
பொன்னையா