வால்நட் பெட்டிகளுக்கு மருந்து வைத்த நாள்

இசைப்பெட்டியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, மேடம். உங்கள் காவலர் பொண்ணு நல்ல மனசோடுதான் துடைத்தாள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூடியில் இருக்கும் ரோஜாப்பூ வரைந்தது இல்லை. தாள் மாதிரி மெலிதாகச் சீவிய மரத்தை, இதழுக்கு ஒரு நிறமாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் பசை இளகி, இதழ் இதழாக எழும்பிவிடும். உலர்ந்த பருத்தித் துணி போதும். மற்ற பெட்டிகளையும் இங்கே கொண்டுவருவதாக இருந்தால் அவளிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மாரிசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பெட்டிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் கடிகாரக் கம்பெனியில் முள் பொருத்தும் வேலையில் இருந்தவள். எந்திரம் நிறுவ வந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது எங்கள் லைனுக்கு ஒரு சின்ன இசைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற பெண்கள் ஒருநாள் கேட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்புறம் அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. பெங்களூரில் பழைய பங்களாக்களைக் காலி செய்கிறவர்களிடமும் ஏலக் கடைகளிலும் அலைந்து அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சுவிஸ் பெட்டி, ஜெர்மன் பெட்டி, பிரான்சிலிருந்து வந்த ஒன்று. உள்ளே முள் முளைத்த பித்தளை உருளை சுற்றும், அந்த முள் எஃகுச் சீப்பின் பற்களைத் தட்டும், பாட்டு வரும். வருகிறவர்கள் எல்லோரும் பாட்டைத்தான் கேட்பார்கள். எனக்கு மரம்தான். எந்திரம் கெட்டால் சரிபண்ண யாராவது கிடைப்பார்கள். அந்த வால்நட் மரத்தை, அதில் பதித்த பூவை, இனி யார் செய்து தருவார்கள்?

என் வீட்டுக்காரர் போன பிறகு ஹாலை நடுவில் மறித்து ஒரு பாதியை வாடகைக்கு விட்டேன். மத்திகிரியில் எல்லோரும் செய்வதுதான். மறிப்புச் சுவர் கூரை ஷீட்டைத் தொடாது, மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அந்தப் பக்கம் கருவாடு வறுத்தால் இந்தப் பக்கம் மணக்கும். இந்தப் பக்கம் பெட்டி பாடினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அங்கே குடியிருந்தவர்கள்தான் மாரிசாமியும் பவளமும். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள். அவருக்கு வார்ப்படக் கம்பெனியில் நிரந்தர நைட் ஷிப்ட். அவளுக்கு ஜெனரல் ஷிப்ட், செல்போன் பாகம் செய்யும் இடத்தில். குடிவந்த புதிதில், வெளியே பூட்டிவிட்டுப் போகிறாளே என்று கேட்டேன்.

"அவுக உள்ள தூங்குதாகம்மா," என்றாள் பவளம். "பூட்டு தொங்குனாத்தான் ஒருத்தரும் கதவத் தட்ட மாட்டாக. இல்லன்னா கூரியர்க்காரன், கோலப்பொடிக்காரன், அம்புட்டுப் பேரும் எழுப்பி விட்ருவாக."

எங்கள் வீதியில் நைட் ஷிப்ட் ஆள் இருக்கிற வீடெல்லாம் அப்படித்தான், மேடம். ஜன்னலுக்கு அட்டை அடித்திருக்கும், வாசலில் பூட்டு தொங்கும், உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வீதியே காலி என்றுதான் நினைப்பார்கள்.

சுருள்வில் இறுகிப்போகாமல் இருக்க நான் பெட்டிகளுக்கு முறைவைத்துச் சாவி கொடுப்பேன். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாரிசாமி குரல் கொடுத்தார்.

"யம்மா, ஒங்க பொட்டிக்கு ஷிப்டே கெடையாதா? கம்பெனில சொல்லி அதையும் நைட்டுல போடச் சொல்லட்டுமா?"

"அதுக்கு பென்சன் வந்துருச்சுப்பா. இனிமே எப்ப பாடுனாலும் கேக்க ஆளில்ல," என்றேன்.

சிரித்தார். நல்ல பிள்ளை. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்கழி பிறந்த சமயம் ஒரு பெட்டிக்கு அடியில் மாவு கொட்டிக் கிடந்தது. கோதுமை மாவைவிட மெலிசு. திருப்பிப் பார்த்தால் குண்டூசி நுழையும் அளவில் துளைகள். மரத்தைத் தின்னும் வண்டு. ஒன்றில் வந்தால் எல்லாவற்றுக்கும் போகும். சூளகிரியில் குடோன்களுக்குப் பூச்சி மருந்து வைக்கும் ஜெகதீஷை வரவழைத்தேன். தானிய மூட்டைக்கு வைக்கும், விஷவாயு கிளப்பும் மாத்திரைதான் இதற்கும் என்றார்.

"ஆனா இது வெளையாட்டு மருந்து இல்லக்கா. எலி, பூச்சின்னு பாத்துகினு நிக்காது. பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது. நான் வந்து தொறக்குற வரைக்கும் நீங்களும் உள்ள போவக் கூடாது."

பவளத்திடம் கேட்டேன். என்ன மருந்து என்று விவரமாகச் சொல்லவில்லை, பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "பொங்கலுக்கு ஊருக்குப் போவோம்லம்மா, அப்ப வச்சுக்கிடுங்களேன்," என்றாள். நியாயமான பேச்சு. நானும் சரி என்றேன்.

பொறுத்துத்தான் பார்த்தேன், மேடம். தினமும் மாவைக் கூட்டி எடுத்தேன். அப்புறம் ஒரு காலையில் அந்த ரோஜாவின் நடு இதழில் துளை விழுந்திருந்தது. நூற்றைம்பது வருஷம் யாரெல்லாமோ காப்பாற்றிக் கொடுத்த மரம் என் வீட்டில் வந்து சாகிறது. பொங்கலுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. ஜெகதீஷுக்குப் போன் போட்டேன்.

அவர் வரும்போது பவளம் வேலைக்குப் போயிருந்தாள். மாரிசாமி ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார்.

"பக்கத்துப் போர்ஷன்ல ஆளுங்க?" என்று கேட்டார் ஜெகதீஷ்.

"பூட்டு தொங்குது பாருங்க," என்றேன்.

அவர் பார்த்தார். பூட்டு தொங்கியது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

மறிப்புச் சுவரை மறைத்து என் பீரோவும் அதன்மேல் காலி அட்டைப் பெட்டிகளும் அடுக்கியிருக்கும். அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் டேப் ஒட்டினார். சுவருக்கு மேலே பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. மாத்திரையை வைத்து வாசற்கதவையும் ஒட்டிவிட்டு, "ஆயித்துக்கா," முடிந்தது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவரைக்காய் சீசன். ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கித் தோலைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு இருமல் கேட்டது, வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. மாரிசாமி பவளத்துக்குப் போன் போட்டிருப்பார். அவள் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் கதவைத் தட்டினார்.

"யம்மா... கதவத் தொறங்கம்மா. மூச்சு முட்டுது."

சாவி என்னிடம் இருந்தது. கரண்டு, தீ, எதாவது ஒன்று என்றால் திறக்கட்டும் என்று பவளம் தினமும் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்கும் என் முந்தானையில்தான் முடிந்திருந்தது.

யோசித்தேன். யோசிக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கதவைத் திறந்தால் சுவருக்கு மேலே இருக்கிற இடைவெளி வழியாக மருந்து முழுக்க வெளியே போய்விடும். பூச்சி பாதி சாகும், பாதி பிழைக்கும். உள்ளே ஆள் இருந்தது தெரிந்தால் ஜெகதீஷ் மறுபடி வர மாட்டார். வேறு யாரும் வர மாட்டார்கள். மாரிசாமியைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு ஓடினாலும் பிழைப்பாரா என்று யார் சொல்ல முடியும்? பெட்டிகள் நிச்சயம் பிழைக்கும். இரண்டில் ஒன்றாவது மிஞ்சட்டுமே என்று பட்டது.

எவ்வளவு நேரம் தட்டுவாரோ என்று பயந்தேன். நினைத்ததைவிடக் கொஞ்ச நேரம்தான்.

சாயங்காலம் பவளம் வந்து சாவி கேட்டாள். கொடுத்தேன். "கதவைத் திறந்துட்டு உடனே உள்ள போவாத கண்ணு, கொஞ்சம் காத்தாட விடு," என்றும் சொன்னேன். அவள் கேட்கவில்லை, உள்ளே ஓடிவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்ததில் எனக்கு உண்மையாகவே நிம்மதி.

விபத்து என்று முடித்துவிடப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. என் வயசைப் பார்க்கிறீர்கள். அப்படி எழுதினால் ஜெகதீஷ் மாட்டுவார். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டவர். ஆகையால் நான் சொல்கிறபடியே எழுதுங்கள். ஆள் இருக்கிறார் என்று தெரிந்துதான் மருந்து வைத்தேன். சாகிறார் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

பூச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை. நேற்று உங்கள் ஆட்கள் வீட்டில் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தபோது கவனித்தேன், அடியில் மாவே இல்லை. கேஸ் முடிந்ததும் இந்த ரோஜாப் பெட்டியைப் பவளத்திடம் சேர்த்துவிடுங்கள், மேடம். அவளுக்கும் ஒரு ஆறுதல் வேண்டுமே. பகலில் தூங்குகிறவர் இப்போது அந்த வீட்டில் யாரும் இல்லை. எந்நேரமும் வைத்துக் கேட்கலாம்.