நாலு கியரும் பின்னாடி

காரைக்கால் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு மீன்காரப் பெண்கள், காலிக் கூடைகளோடு கிளிஞ்சல்மேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் சொன்னார்:

"நாலு கியர் இருக்குக்கா. நாலுமே பின்னாடிதான் போவும்."

"எந்த வண்டிடி?"

"ஓட்டல்ல பேட்டரி செத்துக் கெடந்துச்சே கோல்ஃப் வண்டி, அதுதான். எங்க வூட்டுக்காரரு வாங்கியாந்து பழைய பைக் எஞ்சின அதுல வச்சாரு. அவசரத்துல முன்பின்னா மாத்தி வச்சிட்டாரு."

"கழட்டி நேரா வைக்க வேண்டியதுதானே?"

"கழட்டத்தான் ஒக்காந்தாரு. அதுக்குள்ள படகு வந்துருச்சு. மீன் ஏத்த வந்த லோடு ஆட்டோ மணல்ல பொதஞ்சுபோச்சு. ஐஸு உருகுது. ஆனது ஆவட்டும்னு பெட்டியெல்லாம் நம்ம வண்டியில ஏத்துனோம். கனம் பூரா இழுக்குற சக்கரத்து மேல. பின்பக்கமாவே மணல்ல ஏறி ரோட்டுக்கு வந்துருச்சுக்கா. அப்புறம் போயி அந்த ஆட்டோவையும் கயிறு கட்டி இழுத்தாந்துச்சு."

"பின்னாடி பாக்காம எப்படி ஓட்டுறாரு?"

"நான் மீன்பெட்டி மேல ஒக்காந்து வழி சொல்றேன். கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் நான் சொல்ற பக்கம் திரும்புறாரு."

மூத்தவர் சிரித்து முடிக்கும்வரை இளையவர் காத்திருந்தார்.

"இப்ப ஊர்ல ரெண்டு பேரு இதே மாதிரி வண்டி கேக்குறாங்க. எஞ்சின அதே மாதிரி மாத்தித்தான் வைக்கணுமாம். தெரியாம வச்சதுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதக்கா."

அவர் சொன்ன சத்தத்துக்கு, முன்படியில் நின்ற கண்டக்டரும் சரியென்று தலையாட்டினார்.